கொசு மருந்து அடிக்க எதுக்குமா டிகிரின்னு கேக்குறாங்க அக்கா

கேள்வி: அக்கா வணக்கம். நான் மலேசியால கெடா கோலக்கெட்டில் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல இருக்கேன். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) முடிச்சேன், மெடிசின் கிடைக்கல, ஆனா ஒரு கவர்மெண்ட் யூனிவர்சிட்டில சுற்றுப்புற, வேலையிட சுகாதாரம் படிக்க ஆஃபர் வந்திருக்கு. அப்பா குலை லாரி ஓட்டுறாரு, அவரு போன்னுதான் சொல்றாரு. பெரிய மாமாதான் "கொசு மருந்து அடிக்க எதுக்குமா டிகிரி"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. யூனிவர்சிட்டி விளம்பரத்துல பொதுச் சுகாதாரம் படிச்சா தலைவர் ஆகலாம்னு போட்டிருக்கான், நான் நாலு பேர் முன்னாடி நின்னு பேசவே நடுங்குற ஆளு. இத படிச்சா என்ன வேலை கிடைக்கும்? இல்ல இன்னொரு தடவ எஸ்டிபிஎம் எழுதி மெடிசினுக்கே ட்ரை பண்ணவா?

பதில்: தங்கச்சிக்கு வணக்கம். நான் இதே படிப்பு படிச்சு மாவட்ட சுகாதார இலாகால பல வருஷமா வேலை செய்றவ, அதனால விளம்பரத்துல இல்லாத விஷயத்தையும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுமையா படிங்க.

முதல்ல மெடிசின் விஷயம். இத ஒரு சுத்து வழியா நெனச்சு போகாதீங்க. இந்த டிகிரி முடிச்சு மலேசியால டாக்டர் ஆக முடியாது, பொதுச் சுகாதார ஸ்பெஷலிஸ்ட்னு சொல்றவங்க மொதல்ல மெடிசின் முடிச்சு அப்புறம் மேல படிச்ச டாக்டருங்க, மாவட்ட சுகாதார அதிகாரின்னு தலைமை நாற்காலில உக்காருறதும் அவங்கதான். அதாவது இலாகாக்குள்ள உங்களுக்கு ஒரு மேல் வரம்பு இருக்கு, அத தெரிஞ்சே உள்ள வரணும். வார்டுல ஒரு நோயாளி பக்கத்துல நின்னு வைத்தியம் பாக்கணும், அது இல்லன்னா மனசு ஆறாதுன்னா இன்னொரு தடவ எழுதுங்க, அதுல தப்பே இல்ல. ஆனா ஒண்ணு, 2016 கடைசிலருந்து புது டாக்டர்களுக்கும் கவர்மெண்ட்ல எடுத்ததும் நிரந்தர வேலை இல்ல, கான்டிராக்ட்தான், 2021 ஜூலைல அவங்க கறுப்புச் சட்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிய வந்து நின்னத டிவில பாத்திருப்பீங்க. அதனால "டாக்டர்னா கவலையில்லாத வேலை"ன்னு மாமா சொன்னா அது பழைய கணக்கு.

இப்ப கொசு மருந்துக்கு வருவோம். அந்தப் புகை பறக்குற கொசுவ மட்டும்தான் கொல்லும், தண்ணில கெடக்குற ஜெந்திக்க, அதான் கொசுப் புழுவ, ஒண்ணும் செய்யாது, ஒரு வாரம் பத்து நாள்ல அது கொசுவாயி பறந்து வந்துரும். கேஸ் வந்த வீட்ட சுத்தி 200 மீட்டருக்கு புகை அடிக்கிறது வேலைல ஒரு துண்டு, அந்த 200 மீட்டர்ல எந்தக் கூரைத் தாழ்வாரம், எந்தப் பழைய டயர், எந்தச் சாமி மேடைக்குப் பின்னாடி கவுத்தி வைக்காத அண்டான்னு தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் படிச்ச ஆளோட வேலை. அதுக்கும் மேல, இந்த நோய் ஏன் இவங்களுக்கு வந்துச்சு, அவங்களுக்கு ஏன் வரலன்னு கேக்கத் தெரியணும். இந்த ஒரு கேள்விய ஒழுங்கா கேக்கக் கத்துக்கத்தான் அவ்ளோ வருஷம் ஆவுது.

நம்ம ஆளுங்களோட சம்பந்தப்பட்ட ஒரு கதையே இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி மலாயால பெரிபெரின்னு ஒரு வியாதி, கால் மரத்து வீங்கி நடக்க முடியாம போயி நெஞ்சு அடைச்சு செத்துப் போவாங்க, ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீனத் தொழிலாளிங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. அதே ஊரு, அதே வெயிலு, அதே கஷ்டம், ஆனா தோட்டத்துல இருந்த தமிழாளுங்களுக்கு இந்த வியாதி கிட்டத்தட்ட வரவே இல்ல. டாக்டர் பிராடன்னு ஒருத்தர் நெகிரி செம்பிலான்ல இருந்தாரு, அவரு பாத்தது சோத்த. சீனவங்க சாப்ட்டது சயாம்லருந்து வந்த தீட்டின வெள்ளை அரிசி, நம்மாளுங்க சாப்ட்டது புழுங்கலரிசி. அப்புறம் 1905லருந்து டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதில ஒரு பாதி ஆளுங்களுக்கு வெள்ளை அரிசியும் இன்னொரு பாதிக்கு புழுங்கலரிசியும் குடுத்துப் பாத்தாரு, வெள்ளை அரிசி பக்கம் நிறைய பேரு விழுந்தாங்க, சாவும் விழுந்துச்சு, புழுங்கலரிசி பக்கம் ஒரு பெரிபெரி சாவுகூட இல்ல. (விவரம் தெரியாத நோயாளிங்க மேல இப்படி சோதனை பண்றத இன்னிக்கு யாரும் அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிக்கவும் கூடாது, இந்த நெறிமுறையும் உங்க பாடத்துல வரும்.) நெல்ல வேகவச்சு குத்துறப்ப தவிட்டுல இருக்குற பி1 சத்து அரிசிக்குள்ள எறங்கிடுது, தீட்டினாலும் போகாது, அந்தக் காரணம் பின்னாடிதான் தெரிஞ்சுது. பாருங்க, பி1னு ஒரு சத்து இருக்குன்னே தெரியாத காலத்துல, யாருக்கு வருது யாருக்கு வரலன்னு எண்ணிப் பாத்தே நோயோட வேர கிட்டத்தட்ட தொட்டுட்டாங்க.

எண்ணத் தெரியலன்னா என்ன ஆவும்ங்குறதுக்கும் நம்ம நாட்டுலயே கதை இருக்கு. 1998 கடைசிலருந்து பேராக்லயும் அப்புறம் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்லயும் மூளைக் காய்ச்சல் பரவுனப்ப, கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னுதான் மொதல்ல நம்பி புகை அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க. ஆனா விழுந்தவங்க பெரும்பாலும் வளந்த ஆம்பளைங்க, பன்றியோட நேரடியா புழங்குறவங்க, கொசு கடிச்சிருந்தா வீட்டுப் பிள்ளைங்களும்ல விழுந்திருக்கணும்? 1999 மார்ச்சுல மலாயாப் பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் அது நிப்பான்னு ஒரு புது வைரஸ்னு கண்டுபிடிச்சாரு. அதுக்குள்ள நிறைய உயிர் போயிருச்சு, மொத்தம் 265 கேஸ், 105 சாவு. மாமாகிட்ட இத சொல்லுங்க, கொசு மருந்து அடிக்க டிகிரி வேணாம், கொசுதான் காரணமான்னு கேக்கத்தான் டிகிரி வேணும்.

சரி தலைவர் விஷயம், நீங்க ரொம்ப பயந்து எழுதியிருக்கறது இதத்தான்.

எங்க ஆபீஸுக்கு பிராக்டிகலுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, பேரு வேணாம், மீட்டிங்ல வாயே திறக்காது. அந்த நேரம் ஒரு தோட்டத்துல இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) டெஸ்ட் கேம்ப் போட்டோம். நம்ம ஆளுங்களுக்கு இனிப்பு நீர் எவ்ளோ மோசம்னு உங்களுக்கே தெரியும், 2019 தேசிய ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இருந்துச்சு, இனவாரியா பாத்தா இந்தியர்கள்தான் மேல. தோட்டத்து மண்டபத்துல மேசை போட்டு, பேனர் கட்டி, காலைல ஒம்போது மணிக்கு உக்காந்தா வந்தது ரிட்டயரான தாத்தா பாட்டிங்க கொஞ்ச பேரு மட்டும். எல்லாரும் சொன்னது "நம்ம ஜனங்களுக்கு அக்கறை இல்ல". அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம எழுந்து போயி, பிள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டாய் திண்ணைல ஒரு அம்மா பக்கத்துல உக்காந்து பேச்சு குடுத்துச்சு. திரும்பி வந்து ஒரு பேப்பர்ல எழுதி நீட்டுச்சு, பேசக்கூட இல்ல. காலைல அஞ்சரைக்கு பெரட்டு (ஆள் கணக்கு எடுக்குறது), வேலைக்குப் போனவங்க திரும்ப மத்தியானம் ரெண்டு மணி ஆவும், குலை எடை குறைஞ்சா சம்பளம் குறையும், ஒம்போது மணிக்கு யாரு வருவா? அதுக்கும் மேல ஒரு விஷயம், போன தடவ டெஸ்ட் பண்ணப்ப ஒருத்தருக்கு இருக்குன்னு எல்லாரும் கேக்குற மாதிரி சத்தமா படிச்சு சொல்லிருக்காங்க, அதுலருந்து வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் வர்றதில்ல.

அடுத்த தடவ சம்பள நாள் சாயங்காலம் வச்சோம், மளிகைக்கடை பக்கத்துல, ரிசல்ட் ஒரு சீட்டுல எழுதி அவங்கவங்க கைல மட்டும். அந்தப் பொண்ணு மண்டோர் (கங்காணி) வீட்டுக்காரம்மாகிட்ட முன்னாடியே போயி பேசி, அவங்க மொதல் ஆளா வந்து விரல நீட்டினாங்க, அதுக்கப்புறம் வரிசை நின்னுச்சு. பக்கத்துக் கடைக்காரரே ஒருத்தருக்கு தே ஓ கோசோங் (பால், சீனி போடாத தேத்தண்ணி) கலக்கிக் குடுத்து "இனிமே இதான் உனக்கு"ன்னாரு. அன்னிக்கு அந்தப் பொண்ணு மைக்க தொடவே இல்ல. நான் பாத்த தலைமைல இதுக்கு மேல ஒண்ணு இல்லன்னு மனசார சொல்றேன்.

ஏன்னா இந்தத் தொழில்ல நம்ம கைல அதிகாரம் கம்மி. சட்டம் இருக்கு, 1975 பூச்சி ஒழிப்புச் சட்டத்துல அபராதம் போடலாம், 1983 உணவுச் சட்டத்துல கடைய மூடலாம், தேவைப்பட்டா அதையும் செய்யத்தான் வேணும். ஆனா ஒரு வீட்டுல தண்ணி தொட்டி கழுவுறது, ஒரு மேனேஜர் குடிநீருக்கு காசு ஒதுக்குறது, ஒரு கோயில் கமிட்டி அன்னதானத்துக்கு சமைக்கிறவங்களுக்கு டைபாய்டு ஊசி போட சம்மதிக்கிறது, இதெல்லாம் சம்மன் நீட்டி மட்டும் நடக்காது. உங்களுக்கு கீழ வேலை செய்யாத ஆளுங்கள உங்க பேச்ச கேக்க வைக்கணும், அதுக்கு சத்தமா பேசுறவங்கள விட காது குடுக்குறவங்கதான் லாயக்கு. கூச்சம் பாதி கொறையும், மீதி இருந்துட்டுப் போகட்டும்.

பெரிய அளவுலயும் இதே மாதிரி நடந்திருக்கு. பாராகுவாட்னு களைக்கொல்லி, உங்க அம்மா பாட்டி காலத்துல முதுகுல பம்ப் மாட்டிக்கிட்டு பெரும்பாலும் பொம்பளைங்கதான் அடிச்சாங்க, நகம் கறுத்து உதிரும், மூக்குல ரத்தம் வரும், தோல் வெந்து போகும், உள்ள போயிட்டா அதுக்கு முறிவு மருந்தே கிடையாது. தோட்டத்துல மருந்து குடுக்குற டிரசர்கிட்ட போனா களிம்பு குடுத்து அனுப்புவாங்க. இது ஒரு பொம்பளையோட தோல் வியாதி இல்ல, மருந்தடிக்கிற எல்லாருக்கும் வர்றதுன்னு பேர் பேரா கேட்டு எழுதி ஒண்ணா சேத்து காட்டினது ஐரின் பெர்னாண்டஸ் 1991ல ஆரம்பிச்ச தெனாகானித்தாங்குற அமைப்பு. ஐரின் டாக்டர் இல்ல, டீச்சர் வேலைய விட்டுட்டு வந்தவங்க. 2002ல அரசாங்கம் தடைன்னு அறிவிச்சது, 2006ல திரும்ப தளர்த்திட்டாங்க, கடைசில 2020 ஜனவரி 1லருந்துதான் முழுசா நின்னுச்சு. நடுவுல 18 வருஷம். இந்த வேலைல பலன் வர எவ்ளோ நாளாவும்னு இத வச்சு கணக்கு போட்டுக்கோங்க, சீக்கிரம் கைதட்டு வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது சரிப்படாது.

வேலை. இது அப்பாவுக்கு முக்கியம், அதனால மறைக்காம சொல்றேன். மொதல்ல எல்லாரும் நெனைக்கிறது கவர்மெண்ட், மாவட்ட சுகாதார இலாகா, துறைமுகம், எல்லைச் சாவடி, நகராண்மைக் கழகம். வேலை நல்ல வேலை, ஆனா காலியிடம் கம்மி, எழுதிப் போட்டுட்டு காத்திருக்கணும், முடிச்ச உடனே கிடைக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நீங்க சொன்ன படிப்புல வேலையிட சுகாதாரமும் சேந்து வருது, அதுதான் உங்களுக்கு பலம்னு எனக்குத் தோணுது. 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்த திருத்தி 2024 ஜூன் 1லருந்து அமல்படுத்தியிருக்காங்க, அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு வச்சிருக்கற முதலாளி, தனி பாதுகாப்பு அதிகாரி வைக்க கட்டாயம் இல்லன்னாலும், பாதுகாப்புப் பொறுப்புக்கு ஒரு ஆளயாவது நியமிக்கணும். பெரிய இடங்கள்ல முழு நேர பாதுகாப்பு சுகாதார அதிகாரி, அதுக்கு தனி பரீட்சை இருக்கு, பாங்கிங்குற ஊர்ல நியோஷ் (தேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம்) நடத்துற கோர்ஸ் எடுக்கலாம். உங்க வீட்டுலருந்து பாத்தா சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் எவ்ளோ ஃபேக்டரி, செம்பனை ஆலைல பாய்லர் சத்தம், ரசாயனம், சூடு, இதெல்லாம் அளந்து ரிப்போர்ட் எழுதுற ஆளு தேவைப்படுது. தோட்டங்களுக்கும் எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மை செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020லருந்து கட்டாயம், தொழிலாளி வீடு, தண்ணி, பாதுகாப்பு எல்லாம் அதுல ஆடிட் பண்றாங்க. உங்க அப்பா ஓட்டுற அதே தோட்டத்துக்கு நீங்க ஆடிட்டரா போயி நிக்கலாம், இது நடக்காத காரியம் இல்ல.

அந்தத் தோட்டத்துல இப்ப வேலை செய்றது யாருன்னும் பாருங்க. முக்கால்வாசி லயத்துல இந்தோனேசியாக்காரங்க, வங்காளதேசத்துக்காரங்க, நேபாளிங்க. நம்ம பாட்டன் பட்ட அதே கஷ்டத்த இப்ப அவங்க படுறாங்க, ஒரு ரூம்ல எத்தன பேரு, கக்கூஸ் எத்தன, தண்ணி எங்கருந்து வருது. 1990ல வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், 446ம் சட்டம்பாங்க, மொதல்ல தோட்டம், சுரங்கம் மாதிரி இடங்களுக்குத்தான் இருந்துச்சு, 2019ல திருத்தி மத்த துறைகளுக்கும் நீட்டினாங்க. நம்ம ஜனத்துக்காக இந்தப் படிப்புக்குப் போறேன்னு நீங்க நெனச்சா எனக்கு ரொம்ப சந்தோஷம், ஆனா படிச்சு முடிக்கிறப்ப "நம்ம ஜனம்"னு சொல்றதுல அவங்களும் இருக்கணும். லயத்துல ஒருத்தனுக்கு காசநோய் இருந்தா அது பாஸ்போர்ட் பாத்து பக்கத்து வீட்டுக்குப் போகாது.

படிக்கிறப்ப என்ன செய்யணும்னா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ கண்டு ஓடாதீங்க, நம்ம பிள்ளைங்க நிறைய பேரு அத பாஸ் பண்ணா போதும்னு விட்டுட்டு அப்புறம் வேலைல வந்து முழிக்கிறாங்க, எக்செல்ல ஒரு கேஸ் லிஸ்ட்ட வச்சு எந்த வாரம் எந்தத் தெருவுல ஏறுதுன்னு வரையத் தெரிஞ்ச ஆளுக்கு ஆபீஸ்ல தனி மதிப்பு. மலாய்ல ஒரு பக்கம் ரிப்போர்ட்டும் மீட்டிங் மினிட்டும் பிழையில்லாம எழுதப் பழகுங்க, தீர்மானம் எல்லாம் அந்தப் பேப்பர்லதான் உயிரோட இருக்கும். தமிழ்ல ஒரு பாட்டிக்கு இனிப்பு நீர விளக்கவும் தெரியணும், அது யூனிவர்சிட்டில யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பிராக்டிகலுக்கு இடம் கேட்டா கோலாலம்பூர்லயே நின்னுடாதீங்க, தோட்டம் இருக்குற மாவட்டமா கேளுங்க. சங்கத்துல தலைவி பதவி கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னாலும் செயலாளர் வேலைய எடுத்துக்கோங்க, பத்து பேர ஒரே நாள்ல ஒரே இடத்துக்கு வரவைக்கிறது எவ்ளோ பெரிய கலைன்னு அதுலதான் தெரியும்.

ஆஃபர ஏத்துக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் கட்டாயமா பாருங்க. சுற்றுப்புற சுகாதார அதிகாரி வேலை 2016 துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்துக்கு, அதாவது 774ம் சட்டத்துக்கு, கீழ வருது, அந்த வேலைக்கு பதிஞ்சுக்க உங்க கோர்ஸ் அங்கீகாரம் உள்ளதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. யூகேஎம், யூபிஎம், யூஎஸ்எம் மாதிரி கவர்மெண்ட் யூனிவர்சிட்டிங்கள்ல இந்தத் துறை ரொம்ப நாளா இருக்கு, இருந்தாலும் கேளுங்க, பிரைவேட்னா ரெண்டு தடவ கேளுங்க. பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்வி நிதி) கடனுக்கும் அதே வாரம் கணக்கு திறந்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.

இன்னும் மனசு ஊசலாடுச்சுன்னா உங்க மாவட்ட சுகாதார இலாகாக்கு அப்பாவோட மோட்டார்ல போயி, ஆஃபர் லெட்டர காட்டி, ஒரு நாள் கூட வந்து பாக்கலாமான்னு கேளுங்க. மொத்தப் பேரும் தலையாட்ட மாட்டாங்க, ஆனா யாராச்சும் ஒரு இன்ஸ்பெக்டர் கூட்டிட்டுப் போவாரு. வெயில்ல வீடு வீடா ஏறி, நாய் குரைச்சு, ரெண்டு பேரு கதவ சாத்தி, மூணாவது வீட்டுல ஒரு வாளிய கவுத்தி கொட்டுற வேலைதான் அன்னிக்கு நடக்கும். அத முடிச்சுட்டு வந்து, அந்த மூணாவது வீட்டுல மட்டும் ஏன் அவ்ளோ ஜெந்திக்னு யோசனை உங்கள விடலன்னா, ஆஃபர ஏத்துக்கிட்டு கெளம்புங்க. கால் வலி மட்டும்தான் ஞாபகம் இருக்குன்னா எனக்கு திரும்ப எழுதுங்க, வேற எந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்து வரும்னு சேந்து பாப்போம்.